வியாழக்கிழமைச் சோதனை

பை மேலே வேண்டாம் தம்பி, மடியிலேயே இருக்கட்டும். உள்ளே இருப்பது குலுங்கக் கூடாத சாமான். நீங்கள் உங்கள் பெட்டியை மேலே வைத்துவிட்டுத் தாராளமாக உட்காருங்கள். சன்னல் பக்கம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். சோகாரிலிருந்து ரூவி போகிற வழியில் வலது பக்கம் மலை, இடது பக்கம் கடல் என்று சொல்வார்கள். நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

தமிழா என்று நீங்களாகக் கேட்டதால்தான் பேசுகிறேன். நான் பேசுகிற ஆள் இல்லை. இந்த பஸ்ஸில் இது எனக்கு நாற்பத்திரண்டாவது தடவை. முந்தின நாற்பத்தொன்றிலும் பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. ஒரு தடவை ஒருத்தர் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். எழுப்புவதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு பர்கா வரைக்கும் அசையாமல் இருந்தேன். அப்படிப்பட்டவன் இன்றைக்கு உங்களிடம் வாயைத் திறக்கிறேன் என்றால் வயிறு எவ்வளவு எரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பையில் இருப்பது டி.வி.க்குப் பின்னால் மாட்டுகிற சின்னப் பெட்டி. கையகலம்தான். இதை மாட்டினால் நெட் வழியாக ஊர்ச் சேனல் எல்லாம் வரும். ஊரில் ஓடி முடிந்த சீரியலும் உள்ளே இருக்கும், நமக்கு ஒழிகிற நேரத்தில் போட்டுப் பார்க்கலாம். ரூவியில் வாங்கியது. ரூவியிலேயே திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன். கடைக்காரர் வாங்கினால் சரி. வாங்காவிட்டால் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை ஆகையால் பதினொரு மணிக்கு ஜும்மா தொழுகைக்குக் கடையைப் பூட்டிவிடுவார்கள். இந்த வண்டி பத்துக்குப் போய்ச் சேரும். பார்த்துத்தான் ஏழு மணி வண்டியில் ஏறினேன்.

என் பெயர் கோமதிநாயகம். தென்காசிப் பக்கம். வளைகுடாவுக்கு வந்து, சோகாரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், இருபத்திரண்டு வருஷமாக. படித்தது எட்டாவது வரை. ஆனால் என் ஸ்டோரில் ஒரு வாஷர் குறைந்தது என்று எந்த இன்ஜினியரும் சொன்னதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் ஒரு எண்ணிக்கை சொன்னால் எண்ணிப் பார்த்துத்தான் சொல்வேன், அதற்காகச் சொல்கிறேன்.

நூற்றுத் தொண்ணூற்றெட்டு வெள்ளிக்கிழமை தம்பி. நூற்றுத் தொண்ணூற்றெட்டு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரி என்னை ஏமாற்றியிருக்கிறாள்.

ஐயையோ, நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். அவள் பெயர் உலகம்மாள். ஊரில் அவளைப் பற்றி ஒரு சொல் யாரும் சொல்ல மாட்டார்கள். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டோம். வீட்டில் அவள் ஒருத்திதான். நான் சொல்வது வேறு விஷயம். சீரியல் விஷயம்.

நீங்கள் சிரித்தால் நான் நிறுத்திவிடுவேன்.

சரி. நாலு வருஷத்துக்கு முன்னால் லீவு முடிந்து திரும்பும்போது மகள் ஒரு யோசனை சொன்னாள். அவள் ஒரு புது டி.வி. வாங்கி அம்மாவுக்குக் கொடுத்திருந்தாள். அதில் இருக்கிற ஆப்பும் இந்தப் பெட்டியில் வருவதும் ஒரே சந்தாதான். அங்கேயும் பார்க்கலாம், இங்கேயும் பார்க்கலாம். அப்போதுதான் ‘மஞ்சள் மாடம்’ என்று ஒரு சீரியல் புதிதாக ஆரம்பித்திருந்தது. நான் உலகம்மாளிடம் சொன்னேன், இந்த ஒரு சீரியலை நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். ஊரில் தினம் ராத்திரி எட்டு மணிக்குப் போடுவான், அதை நீ பார்க்காதே. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. இங்கே ஒன்பது மணி, அங்கே பத்தரை. ஆறு எபிசோடையும் சேர்த்து அன்றைக்குப் பார்ப்போம். அவள் சரி என்றாள். சத்தியம் எல்லாம் வாங்கவில்லை. சரி என்றாள், அது போதும் என்று நினைத்தேன்.

எப்படிப் பார்ப்போம் என்று சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்கு விளங்கும். சரியாக ஒன்பதுக்கு அவள் போன் அடிப்பாள். இரண்டு பேரும் டி.வி.யில் எபிசோடைத் திறந்து வைத்துக்கொள்வோம். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்வேன். மூன்றில் இரண்டு பேரும் பட்டனை அமுக்க வேண்டும். என் அறையில் கூட இருக்கிற முகைதீன் வெள்ளிக்கிழமை பத்தரை வரை தூங்குகிற ஆள். அவனுக்குச் சத்தம் ஆகாது. அதனால் நான் டி.வி.யிலிருந்து ஒயர் இழுத்து ஒரு காதில் மாட்டிக்கொள்வேன். இன்னொரு காதில் போன். ஒரு காதில் சீரியல், ஒரு காதில் அவள். அவளும் தன் பக்கம் டி.வி. சத்தத்தைக் கீழே வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு எல்லாம் இரண்டு தடவை கேட்கும். எபிசோட் ஓடும்போது பேசக் கூடாது. ‘ம்’ சொல்லலாம். ‘அடிப்பாவி’ சொல்லலாம். ஒரு எபிசோட் இருபத்தொரு நிமிஷம். முடிந்ததும் மூன்று நிமிஷம் இடைவேளை. அப்போது பேசலாம். ஆறு எபிசோட், ஐந்து இடைவேளை. இரண்டு மணி இருபத்தொரு நிமிஷம். ஒரு வாரம் கூடினது கிடையாது, குறைந்தது கிடையாது. ஒரே ஒரு வாரம் புயல் எச்சரிக்கை என்று நெட் போய்விட்டது. அந்த ஆறையும் அடுத்த வெள்ளியில் சேர்த்து, பன்னிரண்டு பார்த்தோம். பாக்கி வைக்கவில்லை.

லீவில் ஊருக்குப் போகிற நாட்களில் வீட்டில் சேர்ந்தே பார்க்கலாம் அல்லவா? நான் டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பேன். அவள் வந்து உட்கார மாட்டாள். அடுப்படியில் ஏதாவது உருட்டிக்கொண்டு, நடுவில் வந்து என்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். என்ன கதை என்று கேட்கக்கூட மாட்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இந்தப் பெட்டி இருக்கிறதே, இது லேசான பெட்டி இல்லை. முதல் வெள்ளிக்கிழமை மூன்று இடத்தில் நின்றுவிட்டது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், படம் வராது. அந்தப் பக்கம் அவளுக்கு ஓடுகிறது, இந்தப் பக்கம் எனக்கு நிற்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கே முடிவு பண்ணினேன், இனி சோதிக்காமல் உட்காரக் கூடாது என்று. அதிலிருந்து வியாழக்கிழமை டியூட்டி முடிந்து வந்ததும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பெட்டியைப் போட்டு, ஆறு எபிசோடையும் முதலிலிருந்து கடைசி வரை ஓடவிட்டுப் பார்ப்பேன். எங்கே சிக்குகிறது, எங்கே சத்தம் விட்டுப்போகிறது என்று தெரிய வேண்டாமா? நடுவில் எழுந்து போக முடியாது. கடைசி நிமிஷத்தில் சிக்கினால் என்ன செய்வீர்கள்? ஸ்டோருக்கு ஒரு மோட்டார் வந்தால் ஓட்டிப் பார்த்துத்தானே உள்ளே எடுக்கிறேன். அது மாதிரி. அது சோதனை, பார்ப்பது இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இடைவேளையில் என்ன பேசுவோம் என்றால், அடுத்து என்ன நடக்கும் என்று ஆளுக்கு ஒன்று சொல்வோம். அந்த வைதேகி, அதுதான் கதாநாயகி, மாமியார் ஒளித்து வைத்த பத்திரத்தைக் கண்டுபிடிப்பாளா, மாட்டாளா. உலகம்மாள் மாட்டாள் என்பாள். நான் கண்டுபிடிப்பாள், அரிசிப் பானைக்குள் இருக்கும் என்பேன். அப்படியே நடக்கும். அவள், ‘எப்படித்தான் கண்டுபிடிக்கியளோ’ என்பாள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை நான் சொன்னதுதான் நடக்கும். மீதி ஐந்தும் நானாக வேண்டுமென்று தப்பாகச் சொன்னவை. எப்போதும் நானே ஜெயித்தால் அவளுக்குச் சலிப்புத் தட்டும் இல்லையா. அவள் சொன்னது நாலு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பலிக்கவில்லை. ஒரு தடவைகூட. எட்டாவது படித்த எனக்கு இருக்கிற மூளை பத்தாவது படித்த அவளுக்கு இல்லையே என்று நான் உள்ளுக்குள் இரக்கப்பட்டது உண்டு.

இரக்கப்பட்டேன் தம்பி. அதுதான் இப்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

நாங்கள் சண்டை போட்ட பிறகு இன்றைக்கு எட்டாவது வெள்ளி. சண்டை வந்த அந்த வெள்ளியில் நடந்ததைக் கேளுங்கள். ஒன்பதுக்கு ஆரம்பித்தோம். முதல் எபிசோட் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. எல்லாம் வழக்கம் போல. மூன்றாவதில் மாமியார்க்காரி வைதேகியை மாடிப்படியில் வைத்துத் தள்ளிவிடுகிறாள். சரியாக அந்த இடத்தில் உலகம்மாள், ‘அடிப்பாவி’ என்றாள். நானும் மனதுக்குள் அதையே நினைத்தேன். எபிசோட் முடிந்து இடைவேளை. இங்கே மணி பத்து பத்து. அங்கே பதினொன்று நாற்பது. அப்போது போனில் தெருவிலிருந்து ஒரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டு செண்பகத்தின் குரல், எனக்குத் தெரியும்.

“உலகம்மா, கரண்டு வந்துட்டு. மோட்டாரப் போடு.”

நான் சாதாரணமாகத்தான் கேட்டேன், கரண்டு எப்போது போனது என்று. அவளும் யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

“பத்து நாப்பதுக்குப் போச்சு.”

எண்ணுகிற ஆளிடம் சொல்லிவிட்டாள். பத்து நாற்பதிலிருந்து பதினொன்று நாற்பது, முழுசாக ஒரு மணி நேரம். முதல் எபிசோடில் பத்தாவது நிமிஷமே அவள் டி.வி. அணைந்திருக்கிறது. படம் இல்லை, சத்தம் இல்லை. என் பக்கத்துச் சத்தம் என் காதுக்குள்ளே இருக்கிறது, அவளுக்குக் கேட்க வழி இல்லை. இருட்டு டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு மணி நேரம் ‘ம்’ சொல்லியிருக்கிறாள். ‘அடிப்பாவி’ சொல்லியிருக்கிறாள். அதுவும் சரியான இடத்தில்.

நான் கத்தியே விட்டேன். முகைதீன் தூங்குகிறானே என்றுகூடப் பார்க்கவில்லை.

“ஏளா, ஒரு மணி நேரமா டி.வி. ஓடல. நீ என்னத்தப் பாத்து அடிப்பாவின்ன?”

பிறகு மெதுவாகச் சொன்னாள், செண்பகம் வீட்டில் நேற்றே பார்த்துவிட்டேன் என்று. நேற்று மட்டுமா என்று கேட்டேன். நேற்றும், அதற்கு முந்தியும் என்றாள். எப்போதிருந்து என்று கேட்டேன். முதல் ஐந்து மாதம் எட்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். தெரு முழுக்க அந்தச் சீரியல் சத்தம்தானாம். குழாயடியில் பெண்கள் அதைப் பற்றியே பேசுவார்களாம், இவள் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பாளாம். பிறகு ஒரு நாள் செண்பகம் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாளாம். இதில் அவள் சொன்ன நியாயம் ஒன்று இருக்கிறது பாருங்கள். நம் வீட்டு டி.வி.யை எட்டு மணிக்கு நான் ஒரு நாளும் போடவில்லை, நீங்கள் சொன்னதை மீறவில்லை என்கிறாள். எப்படி? சட்டம் பேசுகிறாள்.

ஐந்து மாதத்தைக் கழிக்க வேண்டும், அதுதான் முறை. இருபத்தொரு வெள்ளி. நூற்றுத் தொண்ணூற்றெட்டில் இருபத்தொன்று போனால் நூற்று எழுபத்தேழு. முதலில் உங்களிடம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்றேன், அது தப்பு. கோபத்தில் சொன்னது. நூற்று எழுபத்தேழு என்று திருத்திக்கொள்ளுங்கள். யாருக்கும் நான் அநியாயமாகக் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

நான் கேட்டேன், “பெறகு எதுக்குளா இத்தன நாளும் நடிச்ச?”

“நடிக்கல. நீங்க லைன்ல இருந்திய. நானும் இருந்தேன்.”

இது ஒரு பதிலா? நீங்களே சொல்லுங்கள். நான் சீரியலைக் கேட்டால் இவள் லைனைச் சொல்கிறாள். அதோடு விட்டாளா. பழையதை எல்லாம் எடுத்தாள். இந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் பதினெட்டு வருஷமும் நான் போன் பண்ணினால் நாலு கேள்வி கேட்பேனாம். கேஸ் வந்ததா, மோட்டார் ஓடுகிறதா, மாத்திரை போட்டாயா, வீட்டுத் தீர்வை கட்டியாயிற்றா. நாலும் கேட்டதும் ‘சரி, வைக்கேன்’ என்பேனாம். ஐந்தாவதாக ஒரு வார்த்தை வராதாம். ஐந்தாவதாக என்ன கேட்பது தம்பி? நாலு விஷயமும் நன்றாக இருந்தால் குடும்பம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றால் பின்னால் வரிசையில் நிற்கிறவன் என்ன நினைப்பான்? அந்தக் காலத்தில் கேம்ப்பில் ஒரு போன்தான். பிறகு ஆளுக்கு ஒரு போன் வந்தது என்றால், வந்தது. பழக்கம் பழக்கம்தானே.

“இந்தச் சீரியல் வந்த பெறவுதான் நீங்க ரெண்டு மணி நேரம் வைக்காம இருந்திய” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. குற்றம் செய்தவளுக்கு அப்படித்தான் இருக்கும்.

ஆனால் எனக்கு ஒரு கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. முந்தின நாள் பார்த்தாள், கதை தெரியும், அது சரி. டி.வி. அணைந்து கிடக்கிறது. எந்த நிமிஷத்தில் எந்தக் கட்டம் வருகிறது என்று எப்படித் தெரியும்? மாடிப்படியில் தள்ளுகிற இடத்தில் ஒரு நொடி பிசகாமல் எப்படிச் சொன்னாள்? கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

“நீங்க தொண்டையச் செருமுவிய. ஏதாவது பெருசா வரப்போவுதுன்னா அதுக்குக் கொஞ்சம் முன்னாலயே செருமுவிய. சிரிப்பு வார கட்டம்னா மூக்கால மூச்சு விடுவிய. அழுவுற கட்டம்னா சத்தமே இருக்காது. அத வச்சு எனக்குத் தெரியும்.”

கேட்டீர்களா? நாலு வருஷம். நான் என் பாட்டுக்கு நம்பி உட்கார்ந்து சீரியல் பார்க்கிறேன், இவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். என்னை வேவு பார்த்திருக்கிறாள். எனக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது.

அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னாள். “பாக்காதவுக எப்படி முன்னாலயே செருமுவாக? நீங்க வியாழக்கிழமயே பாத்துருதிய. எனக்குத் தெரியும்.”

ஒவ்வொரு எபிசோட் படத்துக்கும் கீழே ஒரு சிவப்புக் கோடு வரும். எவ்வளவு தூரம் பார்த்திருக்கிறோமோ அவ்வளவு தூரம் கோடு. ஒரே சந்தா என்பதால் இங்கே ஓடினாலும் அங்கே கோடு விழும். வெள்ளிக்கிழமை காலையில் அவள் திறக்கும்போது ஆறு எபிசோடுக்கும் கோடு முழுசாக இருக்குமாம். இரண்டாவது வாரத்திலிருந்தே பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, ‘எப்படித்தான் கண்டுபிடிக்கியளோ’ என்றிருக்கிறாள். தெரிந்துகொண்டே தப்புத் தப்பாகச் சொல்லியிருக்கிறாள். அரிசிப் பானை என்று நான் சொன்னேனே, அன்றைக்கு எவ்வளவு சிரித்திருப்பாள்.

அந்தக் கோடு மெஷின் சோதனைக்கு விழுந்த கோடு என்று சொன்னேன். சொல்லும்போதே அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது. அவ்வளவுதான். என் ஆயுசில் முதல் தடவையாகச் சொல்லாமல் கொள்ளாமல் போனை வைத்தேன். அன்றைக்கு மூன்று எபிசோட் பாக்கி நின்றது. இன்று வரை நிற்கிறது.

முகைதீன் விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். மேலப்பாளையத்துக்காரன், வாய் சும்மா இருக்காது. போர்வைக்குள்ளிருந்து கேட்டான், “அண்ணாச்சி, மதினிக்கு எத்தன வெள்ளி?”

நூற்று எழுபத்தேழு என்றேன்.

“உங்களுக்கு?”

எனக்கு என்ன என்று கேட்டேன். சோதனை, சோதனை என்று முதல் வாரம் தவிர எல்லா வாரமும் பார்த்திருக்கிறீர்களே, அது எத்தனை என்று கேட்டான். நூற்றுத் தொண்ணூற்றேழு சோதனை என்றேன்.

“அப்போ இருபது உங்களுக்குத்தான் கூட” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாப்பாட்டு மெஸ்ஸில் போய், நாயகம் அண்ணாச்சி வீட்டில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கோயிலில் வைத்துப் பார்த்து முடிவு பண்ணிவிட்டு, வீட்டில் வந்து புதிதாகப் பெண் பார்க்கிற மாதிரி நாலு வருஷம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். சோறு போடுகிறவன்கூட என் தட்டைப் பார்த்துச் சிரிக்கிறான். நான் மூன்று நாள் அறைக்குள்ளேயே ரொட்டி தின்றேன்.

நீங்களும் அவன் மாதிரியே பார்க்கிறீர்கள். வேண்டாம். சோதனை வேறு, பார்ப்பது வேறு. எனக்கு அந்தச் சீரியலே பிடிக்காது என்றால் நம்புவீர்களா? அந்த மாமியார் குரல் எனக்கு ஆகவே ஆகாது. அந்த வைதேகி எப்போது பார்த்தாலும் அழுகிறாள். உலகம்மாளுக்குப் பிடிக்குமே என்றுதான் பார்த்தேன். அவளைக் கேட்டால் அவளுக்கும் பிடிக்காதாம். நீங்கள் ஆசையாகப் பார்க்கிறீர்களே என்று நானும் பார்த்தேன் என்கிறாள். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று நாலு எபிசோட் தம்பி. எவனோ எடுத்த சீரியலை, பிடிக்காத இரண்டு பேர் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று நாலு எபிசோட் பார்த்திருக்கிறோம். யாரால்? அவள் உண்மையைச் சொல்லாததால்.

அடுத்த வெள்ளி நான் தனியாகவே போட்டுப் பார்த்தேன். அவள் இல்லாவிட்டால் எனக்குப் பார்க்கத் தெரியாதா என்ன? ஒயரை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். இரண்டு காதிலும் சீரியல். பத்து நிமிஷத்தில் தலைவலி வந்துவிட்டது. அணைத்துவிட்டேன். அதன் பிறகு வெள்ளிக்கிழமை போடுவதில்லை. வியாழக்கிழமை மட்டும் ஓடவிடுவேன். சும்மா கிடந்தால் மெஷின் கெட்டுவிடும். நேற்றுகூட ஓட்டினேன். மூன்றாவது எபிசோடில் ஒரு இடத்தில் லேசாகச் சிக்கியது.

அவள் வெள்ளிதோறும் ஒன்பது மணிக்கு அடிக்கிறாள். நான் எடுப்பதில்லை. ஆனால் எண்ணிவிடுவேன், கை பழகிப்போயிற்று. முதல் வெள்ளி பதினாலு தடவை மணி அடித்தது, கடைசி வரை. அடுத்த வெள்ளியும் பதினாலு. பிறகு பன்னிரண்டு. பிறகு பத்து. பிறகு ஒன்பது, ஆறு. போன வெள்ளி நாலே நாலு. பிடிவாதம் எப்படி இறங்கி வருகிறது பார்த்தீர்களா? தன் தப்பு தனக்கே உறைக்கிறது. இன்னும் இரண்டு வாரம் போனால் சரியாக வழிக்கு வந்துவிடுவாள்.

மணி என்ன உங்கள் கையில்? எட்டு ஐம்பத்தொன்பதா. என்னுடையதும் அதேதான். இப்போது அடிக்கும் பாருங்கள். பையில் இருந்தால் கேட்காது, அதனால்தான் கையில் எடுத்து வைத்திருக்கிறேன். எடுப்பதற்கு இல்லை, எண்ணுவதற்கு. நீங்களும் எண்ணுங்கள். மூன்று அடிப்பாள் என்பது என் கணக்கு.

ஒன்பது.

உங்கள் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறதோ என்னவோ.

ஒன்பது ஒன்று. என்னுடையதிலும் ஒன்பது ஒன்று.

இந்த இடத்தில் சிக்னல் இருக்காது. பர்கா தாண்டினால்தான் வரும். உங்கள் போனில் கோடு எத்தனை காட்டுகிறது? நாலா? முழுசாகவா? உங்களுடையது வேறு கம்பெனி சிம்மாக இருக்கும். அதே கம்பெனிதானா. சரி.

ஒன்பது மூன்று. பார்த்தீர்களா தம்பி, பார்த்தீர்களா இந்தப் பொம்பளையின் நெஞ்சழுத்தத்தை? இருநூற்று ஐந்து வெள்ளி ஒரு நிமிஷம் தப்பாமல் ஒன்பதுக்கு அடித்தவள், இன்றைக்கு அடிக்கவில்லை. நூற்றுத் தொண்ணூற்றெட்டும் ஏழும் இருநூற்று ஐந்து. சரிதானே? நான் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? ஒருத்தரும் சொல்லவில்லை. முகைதீனுக்கே தெரியாது. கரண்டு போயிருக்குமோ? கரண்டு போனாலும் போன் ஓடுமே, அன்றைக்கு ஓடியதே. மாத்திரை சாப்பிடாமல் எங்காவது தலைசுற்றி... சே. செண்பகம் இருக்கிறாள் பக்கத்தில். ஒன்றும் இருக்காது. பிடிவாதம். வெறும் பிடிவாதம்.

ஒன்பது ஐந்து.

ஒருவேளை என் போனில்தான் கோளாறோ? வெளியிலிருந்து வருகிற கால் உள்ளே வராமல் போவது உண்டு. ஸ்டோரில் ஒரு தடவை அப்படி ஆயிற்று. இதைச் சோதித்துப் பார்க்காமல் எப்படித் தெரியும்? ஒரு நம்பரைப் போட்டுப் பார்த்தால் லைன் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றுதான், வேறு நம்பருக்கு எங்கே போவேன்? இது போன் பண்ணுவது ஆகாது. நீங்களே சாட்சி. லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன், அவ்வளவுதான். அடித்ததும் வைத்துவிடுவேன்.

போகிறது. லைன் போகிறது. கோளாறு இல்லை.

ஒன்று...

எடுத்துவிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் தம்பி. போனைக் கையில்தான் வைத்திருந்திருக்கிறாள்.

பேச மாட்டேன். சோதனைக்கு எதற்குப் பேச்சு. அவளும் பேசவில்லை. உஷ், நீங்களும் பேசாதீர்கள், ஏ.சி. சத்தமே பெரிதாக இருக்கிறது.

தொண்டை வறண்டு போய்விட்டது, இந்த ஏ.சி.யில். க்கும்.

‘ம்’ என்கிறாள்.

ரூவிக்கு இன்னும் ஐம்பத்தைந்து நிமிஷம் இருக்கிறது. இரண்டு எபிசோட், இரண்டு இடைவேளை. ஏழு நிமிஷம் மிச்சம். அதுவரை லைன் நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டியதுதான், அரைகுறையாகச் சோதிக்கக் கூடாது. தம்பி, இந்தப் பையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். காலடியில் வேண்டாம், தூசி ஏறினால் சிக்கும். மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.